ஆய்வும் அறமும்: டஸ்கீகி முதல் கானவாகே வரை

ஏழை தன் வாழ்நாளில் வேறு எதைச் சேர்த்து வைக்காவிட்டாலும், தன் அடக்கத்துக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து வைக்க விரும்புகிறான். வாழும்போது கிடைக்காத மரியாதை, மண்ணுக்குள் போகும் வேளையிலாவது கிடைக்கட்டும் என்பது அவன் ஏக்கம். இந்த ஏக்கத்தை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால், இதே ஏக்கத்தை ஒரு நாட்டின் அரசு மருத்துவத் துறை நாற்பது ஆண்டுகள் ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்தியது என்றால் நம்ப மனம் வராது. அது நடந்தது. அங்கிருந்து தொடங்கித்தான், நோயுற்ற சமூகங்களும் கற்றறிந்த ஆய்வாளர்களும் எவ்வாறு ஒன்றிணைய வேண்டும் என்ற கேள்வியின் வரலாற்றை நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

அடக்கச் செலவு

அமெரிக்காவின் தென் பகுதியில், அலபாமா மாநிலத்தில் மேக்கன் என்னும் மாவட்டம் உள்ளது. 1930-களில் அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பருத்தி வயல்களில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழைத்தவர்கள். மருத்துவரைக் காணாமலே பிறந்து, மருத்துவரைக் காணாமலே இறந்தவர்கள் அவர்களில் பலர். 1932-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்குச் சிகிச்சை அளிக்காமல் விட்டால் அது மனித உடலை எவ்வாறெல்லாம் அழிக்கிறது என்று கண்டறிவதே அதன் நோக்கம். 399 நோயாளிகளும், ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற 201 பேருமாக 600 ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

அவர்களிடம் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. உடலில் 'கெட்ட இரத்தம்' இருப்பதாகவும் அதற்கு மருத்துவம் பார்ப்பதாகவும் மட்டும் சொல்லப்பட்டது. முதுகுத்தண்டிலிருந்து ஊசி மூலம் நீர் எடுத்த சோதனையையும் சிறப்புச் சிகிச்சை என்றே சொல்லி அழைத்தனர். பரிசோதனை நாள்களில் சூடான உணவும், போகவர வண்டியும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பத்தார் இசைந்தால், அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாக உறுதி கூறப்பட்டது. அந்தப் பணத்தை நியூயார்க் நகரின் மில்பேங்க் நினைவு நிதியம் என்னும் அறக்கட்டளை வழங்கியது. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் இதே பெயரை மீண்டும் சந்திப்போம்.

1940-களில் பென்சிலின் அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்தாக நிலைபெற்றது. ஆயினும் இந்த மனிதருக்கு அது கொடுக்கப்படவில்லை. நோய் மனைவியருக்கும், பிறந்த குழந்தைகளுக்கும் பரவியது. 1958-இல், இருபத்தைந்து ஆண்டுகள் ஒத்துழைத்தமைக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழும், ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் வழங்கப்பட்டன. அதே துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் என்பவர் 1966 முதல் மேலதிகாரிகளிடம் ஆட்சேபம் தெரிவித்தும் பயனில்லாமல் போகவே, செய்தி இதழாளர் கைக்குச் சென்றது. 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளிவந்த பின்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974-இல் வழக்கு 10 மில்லியன் டாலர் இழப்பீட்டோடு சமரசமாக முடிந்தது. 1997 மே 16 அன்று அதிபர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரியபோது, அந்த 600 பேரில் எஞ்சியிருந்தவர்கள் எட்டுப் பேரே.

ஒத்துழைப்பு வேறு, பங்கு வேறு

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வெள்ளை மருத்துவர்களின் கொடுமையோடு நிறுத்திக்கொள்வர். நாம் இன்னும் ஒரு படி இறங்கிப் பார்க்க வேண்டும். டஸ்கீகி ஆய்வில் உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இல்லை. 1881-இல் கறுப்பின மக்களின் கல்விக்கென்றே நிறுவப்பட்ட டஸ்கீகி கல்வி நிலையம் தன் மருத்துவமனையை ஆய்வுக்குத் திறந்துவிட்டது. கறுப்பினச் செவிலியர் யூனிஸ் ரிவர்ஸ் தம் வண்டியில் அம்மனிதரை ஏற்றிச் சென்றார்; அவர்களுடைய குடும்பங்களோடு பழகினார்; சாவு வீடுகளில் ஆறுதல் சொன்னார். சிற்றாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும்தான் அறிவிப்புகள் சொல்லப்பட்டன, ஆள்கள் திரட்டப்பட்டனர். இன்றைய திட்ட அறிக்கைகளின் மொழியில் எழுதினால், 'உள்ளூர் நிறுவனங்களின் முழு ஒத்துழைப்புடன், சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்ற ஊழியர் வழியாக' நடந்த ஆய்வு என்று அதைத் தயங்காமல் எழுதிவிடலாம். ஒத்துழைப்பு இருந்தது. பங்கு மட்டும் இல்லை.

தமிழில் 'பங்காளி' என்ற சொல்லுக்கு ஆழமான பொருள் உண்டு. உதவிக்கு வருபவன் பங்காளி அல்லன். கூலிக்கு உழைப்பவனும் பங்காளி அல்லன். சொத்தில் உரிமை உடையவனே பங்காளி. அவனைக் கேளாமல் பொது நிலத்தை விற்க முடியாது. அவன் கையொப்பம் இல்லாமல் பத்திரம் முழுமை பெறாது. அதனால்தான் பங்காளியிடம் நமக்குச் சற்றே அச்சமும் இருக்கிறது. ஆய்வாளர்கள் மக்களைப் 'பங்காளிகள்' என்று அழைக்கும்போதெல்லாம் இந்தப் பொருளில்தான் அழைக்கிறார்களா என்று கேட்பது நம் கடமை.

1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். மக்களை ஏமாற்றி ஒப்புக்கொள்ளச் செய்வது கீழ்ப்படி. தகவல் சொல்வதும், கருத்துக் கேட்பதும், வாயடைக்க இரண்டு இருக்கைகள் கொடுப்பதும் நடுப்படிகள். அவற்றை அவர் வெறும் அடையாளப் பங்கேற்பு என்றே மதிப்பிட்டார். உண்மையான பங்காண்மை ஆறாம் படியில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் தென் அமெரிக்காவில் மற்றொரு குரல் எழுந்தது. பிரேசில் நாட்டில் எழுத்தறியா உழவருக்குக் கல்வி புகட்டியதற்காக 1964-இல் சிறைப்பட்டு, பின் நாடு கடந்து வாழ்ந்த பவுலோ பிரெய்ரே, மக்கள் நிரப்பப்பட வேண்டிய வெற்றுப் பாத்திரங்கள் அல்லர். தம் உலகை ஆய்ந்தறிய வல்லவர்கள் என்று வாதிட்டார். மக்களைப் பற்றிய ஆய்வு, மக்களோடு சேர்ந்த ஆய்வாக மாற வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு பல திசைகளிலிருந்து வலுப்பெற்றது.

பள்ளத்தாக்கிலிருந்து போன இரத்தம்

சட்டங்கள் பிறந்தபின் எல்லாம் சீராகிவிட்டதா? டஸ்கீகிக்குப் பின் அமெரிக்காவில் 1974-இல் ஆய்வுச் சட்டம் வந்தது. 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. ஆய்வுக்கு உட்படுவோரின் மனமார்ந்த ஒப்புதல் கட்டாயமாயிற்று. ஆனால், ஒப்புதல் தாளில் கையொப்பம் வாங்குவது மட்டும் போதாது என்பதை ஹவாசுபாய் என்னும் சிறு பழங்குடி நமக்குக் கற்பித்தது.

அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் மக்கள் இவர்கள். எண்ணிக்கையில் சில நூறு பேரே. நீரிழிவு நோய் அவர்களை வாட்டியது. காரணம் அறிய உதவி வேண்டும் என்று தாங்கள் அறிந்த மாந்தவியலாளர் ஒருவரை நாடினர். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வந்து இரத்தம் எடுத்தனர். பின்னர் அதே இரத்தம், அவர்கள் அறியாமலே, மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் நடக்கும் மணங்கள் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் நடந்த ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த மண்ணுக்கு அவர்கள் காவலர்கள். அந்த நம்பிக்கைக்கு எதிரான முடிவுகள், அவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்தே எழுதப்பட்டன.

2003-இல் அப்பழங்குடியைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி, பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்டத் தேர்வு ஒன்றைக் கேட்கச் சென்றிருந்தார். தம் மக்களின் இரத்தம் பற்றி அங்கே பேசப்பட்டபோது, இந்த ஆய்வுக்கு அனுமதி பெற்றீர்களா என்று எழுந்து கேட்டார். அந்த ஒரு கேள்வி வழக்காயிற்று. 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7,00,000 டாலர் தரவும், எஞ்சிய இரத்த மாதிரிகளைத் திருப்பித் தரவும் இசைந்தது. இறந்துபோனவர்களின் இரத்தமும் அவற்றில் இருந்தது. மேக்கன் மாவட்டத்தில் அடக்கச் செலவைக் காட்டி உடலைப் பெற்றார்கள்; இங்கோ உடல் அடங்கிய பின்னும் இரத்தம் குளிர்பெட்டியில் அடங்காமல் கிடந்தது.

புனித கத்தேரியின் ஊர்

இருண்ட கதைகளை மட்டும் சொல்லி நிறுத்துவது நம் நோக்கமன்று. கனடா நாட்டில், மாண்ட்ரியல் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென் கரையில் கானவாகே என்னும் ஊர் இருக்கிறது. மோஹாக் பழங்குடியினரின் ஊர் அது. கத்தோலிக்கராகிய நமக்கு அந்த ஊரோடு ஓர் உறவு உண்டு. 2012-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கத்தேரி தெக்காக்வித்தாவின் கல்லறை அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில்தான் இருக்கிறது. 1656-இல் பிறந்த கத்தேரி, ஐரோப்பியர் வருகையோடு பரவிய பெரியம்மைக்குக் குழந்தைப் பருவத்திலேயே தாய், தந்தை, தம்பி மூவரையும் பறிகொடுத்தவர். அவருக்கு முகத்தில் தழும்பும், மங்கிய பார்வையும் மிஞ்சின. 1680-இல், இருபத்து நான்கு வயதில் கானவாகேயில் உயிர் நீத்தார். பிறர் கொண்டுவந்த மாற்றங்களால் ஒரு சமூகத்தின் உடல் சிதைவது எத்தகையது என்பதற்கு அவர் முகமே சாட்சியாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த ஊரைத் தாக்கியது பெரியம்மை அன்று, நீரிழிவு. 1950-களில் கப்பல் போக்குவரத்துக் கால்வாய்க்காக ஊரின் ஆற்றங்கரை நிலம் எடுக்கப்பட்டது. தலைமுறைகளாக ஆற்றோடு வாழ்ந்தவர்கள் ஆற்றிலிருந்து பிரிக்கப்பட்டனர். மீனும் வேளாண்மையும் குறைந்தன. உணவும் உழைப்பும் மாறின. புனிதரின் பெயரையே தாங்கிய கத்தேரி நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர்கள் ஆன் மெக்காலே, மோஹாக் இனத்தவரான லூயி மாண்டூர் இருவரும் 1980-களில் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். 45 முதல் 64 வயது வரை உள்ளோரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு நீரிழிவு இருந்தது. பொதுமக்களிடையே காணப்பட்டதைவிட இது இரு மடங்கு.

இந்த இடத்தில்தான் வரலாறு வேறு பாதையில் திரும்பியது. அவர்கள் முடிவுகளை மருத்துவ இதழ்களுக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை. ஊர் மக்களிடமும் கொண்டுசென்று சொன்னார்கள். கேட்ட மக்கள் அதிர்ந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது வராமல் தடுக்க என்ன செய்யப் போகிறோம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேள்வி ஊரிலிருந்து பிறந்தது. விடை தேட மெக்கில் பல்கலைக்கழகமும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகமும் அழைக்கப்பட்டன. 1994-இல் கானவாகே பள்ளிகள் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. ஊரின் தொடக்கப் பள்ளிகளில் உடல்நலக் கல்வி புகுந்தது. பள்ளி உணவில் கட்டுப்பாடு வந்தது. நடப்பதற்குப் பாதை அமைந்தது.

நம்பிக்கை எளிதாகப் பிறந்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1990 கோடையில், நிலப் பிரச்சினை ஒன்றில் மோஹாக் மக்களும் கனடா அரசும் ஆயுதங்களோடு எதிரெதிரே நின்றனர். கானவாகே மக்கள் தம் ஊர் வழியே செல்லும் மெர்சியர் பாலத்தை மறித்து நின்ற காலம் அது. அந்தக் காயம் ஆறாத நிலையில் வெளியாரை ஊருக்குள் அனுமதிப்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. எழுத்தில் உடன்படிக்கை வேண்டும்.

மறுப்புக்கும் இடம் தந்த உடன்படிக்கை

ஊரின் ஆலோசனைக் குழுவும், ஊர் சார்ந்த ஆய்வாளர்களும், பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமர்ந்து ஆய்வு ஒழுக்க விதிகளை எழுதினர். எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதிலிருந்து எந்த முடிவை வெளியிடுவது என்பது வரை, எல்லாப் படிகளிலும் ஊர் பங்காளி. முடிவுகள் முதலில் ஊருக்குச் சொல்லப்பட வேண்டும், பிறகே உலகுக்கு.

அந்த விதிகளில் ஒன்று நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. முடிவுகளுக்குப் பொருள் சொல்வதில் இரு தரப்பும் வேறுபட்டால் என்ன செய்வது? வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால், மாறுபடும் தரப்பின் விளக்கமும் அதே கட்டுரையோடு, அதே மேடையில், ஒருங்கே வெளிவர வேண்டும். ஆய்வாளர் ஊரின் வாயை அடைக்க முடியாது. ஊரும் கசப்பான உண்மையைப் புதைக்க முடியாது. பாகப் பிரிவினைகளில் நாம் கண்டிருக்கும் பங்காளிச் சண்டைகள் பல, இப்படியொரு விதி இல்லாததால் மூண்டவைதாமே!

அந்த விதிக்கு விரைவிலேயே சோதனை வந்தது. திட்டத்தின் முதல் எட்டு ஆண்டுகளின் பலன்களை அளந்த கட்டுரை 2005-இல் வெளிவந்தது. தோலடிக் கொழுப்பின் அளவில் தொடக்கத்தில் சிறிது நன்மை தெரிந்தது. ஆனால் உடல் எடையிலோ, உடற்பயிற்சியிலோ, உணவிலோ எதிர்பார்த்த மாற்றம் காணப்படவில்லை. ஊர் தன் உழைப்பையும் நம்பிக்கையையும் கொட்டிய திட்டத்தைப் பற்றிய இந்த ஏமாற்றமான உண்மை மறைக்கப்படவில்லை.

அளவுகோல் எது?

இப்போது நாம் கடினமான கேள்விக்கு வருகிறோம். நோய் பெரிதாகக் குறையாவிட்டால், இந்தப் பங்காண்மையால் என்ன பயன்? பணம் கொடுப்போர் கேட்பதும் இதுவே. கேட்பதில் தவறும் இல்லை. நோயாளிக்கு வேண்டியது நலம். நல்ல நடைமுறை மட்டும் அவன் கால் புண்ணை ஆற்றாது. பங்காண்மை இனிமையாக இருந்தது என்று சொல்லி, பலனை அளக்காமல் விடுவதும் ஏழைகளுக்குச் செய்யும் வஞ்சனையே.

ஆனால் வேறு அளவுகளும் உள்ளன. 1997-இல் கூட்டரசு வழங்கிய முதல் மூன்றாண்டு நிதி முடிந்தபோது திட்டம் மடியவில்லை. ஊர் தன் பணத்தைப் போட்டும், தனியார் அறக்கட்டளைகளை நாடியும் அதைத் தொடர்ந்தது. பின்னர்ப் பிற பழங்குடி ஊர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இடமாகக் கானவாகே மாறியது. வெளியார் போனதும் விழுந்துவிடும் கூடாரமா, ஊரார் தாமே பழுது பார்த்துக்கொள்ளும் வீடா என்பதும் ஓர் அளவுகோல்தானே?

கானவாகே மக்கள் பங்காண்மையையே ஆய்வுக்கு உட்படுத்தினர் என்பது இன்னும் வியப்புக்குரியது. இந்தத் திட்டம் யாருடையது, முடிவுகளில் யார் சொல் எடுபடுகிறது என்று அதில் ஈடுபட்ட ஒவ்வொரு தரப்பையும் கேட்டு, அதன் முடிவை 2003-இல் வெளியிட்டனர். அன்றாடம் உழைத்த திட்டப் பணியாளர்களே முதன்மை உரிமையாளராகக் காணப்பட்டனர். ஆலோசனைக் குழுவும் ஆய்வாளர்களும் அவர்களோடு அதைப் பகிர்ந்துகொண்டனர். பல்கலைக்கழகத்தின் ஆதிக்கம் இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இங்கும் ஒரு நெருடல் உண்டு. 'ஊர்' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். குழுக் கூட்டத்துக்கு வருபவர்கள் மட்டுமா ஊர்? இரண்டு வேலை பார்த்துக் களைத்து வீடு திரும்பும் தாயும், கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் முதியவரும் ஊர் இல்லையா? பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் அமர்ந்து பழகிய நமக்கு இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். பேச வல்ல நால்வரின் குரல், பேசாத நானூறு பேரின் குரலாக எழுதப்பட்டுவிடும் ஆபத்து எந்தப் பங்காண்மையிலும் உண்டு.

ஆகவே, சமூகமும் கல்வியாளரும் கைகோத்த ஆய்வை எடைபோட நாம் கேட்க வேண்டியவை சிலவே. கேள்வி யாருடையது? வேண்டாம் என்று சொல்ல மக்களால் இயலுமா? விளைவை முதலில் அறிந்தவர் யார்? கசப்பான முடிவும் வெளிவந்ததா? நிதி நின்ற பிறகு அங்கே எஞ்சியது என்ன? டஸ்கீகியை இந்தக் கேள்விகளின் முன் நிறுத்தினால் ஒன்றுக்கும் விடையில்லை. ஹவாசுபாய் ஆய்வு முதல் கேள்வியைத் தாண்டி, இரண்டாவதில் விழுகிறது. கானவாகே எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெறவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து நின்று விடை சொல்கிறது.

மன்னிப்பும் மாற்றமும்

2012-இல் ஆன் மெக்காலேயும் அவருடைய கூட்டாளிகளும் இருபத்து மூன்று பங்காண்மைகளின் வரலாற்றை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நல்ல பங்காண்மைகளில் சண்டை இல்லாமல் இல்லை. சண்டைக்குப் பின் பேசித் தீர்த்தபோதுதான் நம்பிக்கை வலுப்பட்டது என்பது அவர்கள் கண்டறிந்தவற்றுள் ஒன்று. காலம் செல்லச் செல்ல ஆய்வின் தரமும் உயர்ந்தது. எவரும் திட்டமிடாத புதிய பணிகளும் அதிலிருந்து பிறந்தன.

அந்தக் கட்டுரை வெளிவந்த இதழின் பெயர் மில்பேங்க் காலாண்டிதழ். அதை நடத்துவது மில்பேங்க் நினைவு நிதியம். டஸ்கீகியின் ஏழைகளுக்கு அடக்கச் செலவைக் கொடுத்து, அவர்கள் உடலை அறுக்க வழி செய்த அதே நிதியம். 2022 ஜூன் மாதத்தில் அதன் தலைவர், அந்த மனிதரின் வழித்தோன்றல்கள் முன் நின்று வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். முதல் தொகை கொடுக்கப்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கேட்டவர்கள் அந்த 600 பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம்; அவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவரும் 2004-இலேயே மறைந்துவிட்டார்.

ஒப்புரவு என்பது பாவத்தை அறிக்கையிடுவதோடு முடிவதில்லை. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதும், வாழ்வை மாற்றிக்கொள்வதும் அதில் அடங்கும் என்பதை நாம் சிறு வயதிலேயே கற்றிருக்கிறோம். ஆய்வுலகம் பறித்தது உடலையும் இரத்தத்தையும் மட்டுமன்று. தன் நோயைத் தானே அறிந்துகொள்ளும் உரிமையையும் பறித்தது. அதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதற்கு, ஒரு புனிதையின் கல்லறையைக் காத்துவரும் சிற்றூர் வழி காட்டியிருக்கிறது. நாளை நம் தெருவுக்கும் வினாத்தாளோடும் ஊசியோடும் ஒருவர் வரலாம். அவரை விரட்ட வேண்டியதில்லை; அமரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுப்போம். முடிவை முதலில் எங்களிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்க மட்டும் மறவாதிருப்போம்.